ஃபிளாஷ் அடிக்கிறது, படம் ஏன் இருட்டாக வருகிறது?

சூளைமேட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய நிக்கான் டி7200 கேமராவுக்காகக் கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ் வாங்கினேன். கேமராவின் பாப்-அப் ஃபிளாஷே இதை வயர்லெஸ்ஸாக இயக்கும் என்றார் கடைக்காரர். கமாண்டர் மோடில் வைத்தால் ஃபிளாஷ் அடிக்கிறது. படம் மட்டும் இருட்டாக இருக்கிறது. ஃபிளாஷ் பழுதா? ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கும் ட்ரிக்கர் கருவி வாங்க வேண்டுமா?"

பழுது இல்லை, சர்வீஸுக்குக் கொடுத்துப் பணத்தை விரயமாக்காதீர்கள். கமாண்டர் மோடில் பாப்-அப் ஃபிளாஷ், ஷட்டர் திறப்பதற்கு முன்பே, அதிவேக ஒளித்துடிப்புகளாக ஒரு கட்டளையை அனுப்புகிறது. எஸ்பி-700 போன்ற நிக்கான் ஃபிளாஷ்களுக்கு அது புரியும்; உங்களுடையதற்குப் புரியாது. வேறொரு ஃபிளாஷின் ஒளியைக் கண்டதும் தானும் அடிக்கும் எஸ்1 நிலையில், அது முதல் துடிப்பைக் கண்டதுமே அடித்து முடித்துவிடுவதால், ஷட்டர் திறக்கும் நேரத்தில் வெளிச்சம் மிச்சமிருப்பதில்லை. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் நமக்கு ஒன்றாகவே தெரிகிறது. ஒரு முன்துடிப்பை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும் எஸ்2 நிலையும் இங்கே கைகொடுக்காது.

கேமரா மெனுவில் இ3 என்ற இடத்தில் கமாண்டரை நீக்கி, மேனுவலைத் தேர்ந்து, பாப்-அப்பின் ஒளி அளவை 1/128 ஆக வையுங்கள். ஃபிளாஷ் எஸ்1-இல் இருக்கட்டும். ஷட்டர் வேகம் 1/200 அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். இனி முன்துடிப்பு வராது, படம் சரியாக விழும். வெளிச்சம் எட்டவில்லை என்றால் 1/32 வரை ஏற்றலாம்.

வெளியிடங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் சுவரும் கூரையும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், ஃபிளாஷ் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் பெரும்பாலும் அடித்துவிடும். பெசன்ட் நகர் கடற்கரையில் அப்படித் திருப்பி அனுப்ப எதுவுமில்லை. உச்சி வெயில் ஃபிளாஷின் ஒளி உணரியின் மீது விழுந்தால் பாப்-அப்பின் சிறு ஒளி அதில் கரைந்துபோகும். ஆனால் நிழலிலோ, வெயில் சாய்ந்த பிறகோ, அந்த உணரி இருக்கும், ஃபிளாஷின் முன்புறத்துச் சிவப்புக் கண்ணாடி கேமராவைப் பார்க்கும்படி உடலைத் திருப்பி, தலையை மட்டும் ஆளின் பக்கம் வளைத்துவைத்தால், சில மீட்டர் தூரத்தில் வெளியிலும் வேலை செய்யும். ஒளியை மென்மையாக்கும் ஃபிளாஷ் குடைக்குப் பின்னால் அந்தச் சிவப்புக் கண்ணாடி மறைந்துவிட்டால் மட்டும் பயனில்லை.

கல்யாண மண்டபத்துக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். உறவினர் ஒவ்வொருவரின் கேமரா ஃபிளாஷுக்கும் உங்கள் ஃபிளாஷ் பதிலுக்கு அடித்துக்கொண்டே இருக்கும்; தாலி கட்டும் நொடியில் சார்ஜ் இல்லாமல் நிற்கும். அங்கே ரேடியோ ட்ரிக்கர்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிடி600-க்குள்ளேயே ரேடியோ ரிசீவர் இருக்கிறது; கேமராவின் மேல் பொருத்த அதே நிறுவனத்தின் எக்ஸ்2டி போன்ற டிரான்ஸ்மிட்டர் ஒன்று போதும். ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும், "ரிசீவரும் சேர்த்து வாங்கினால்தான் ஓடும்" என்று செட்டாக விற்கப் பார்ப்பவரிடம் வாங்காதீர்கள். ஒளியால் இயங்குவதையும் ரேடியோவால் இயங்குவதையும் ஒரே "வயர்லெஸ்" முத்திரையில் விற்க இத்தனை ஆண்டுகளாக அனுமதித்திருப்பது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். புதிதாகக் கற்க வருபவர்கள்தான் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் "விலை குறைத்துத் தருகிறேன்" என்றால் வாரண்டி கேட்கப் பிறகு வழியிருக்காது. உங்கள் கேமராவையும் ஃபிளாஷையும் கடைக்கே கொண்டுபோய், நிக்கானுக்கான டிரான்ஸ்மிட்டரை மாட்டி, நான்கைந்து முறை அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.