ஹாஸ்பிஸ் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மார்ஃபினைக் கேளுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்பிஸ், அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் தொல்லையையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் என்று திருச்சியில் இரண்டு இடம் விசாரித்தோம். ஒன்று, படுக்கை வசதியுள்ள இல்லம், மாதக் கட்டணம். மற்றது ஒரு தொண்டு நிறுவனம். வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம், இலவசம். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: இரண்டு இடத்துக்கும் போன் செய்து, “வாய்வழி மார்ஃபின் மாத்திரை உங்களிடம் இருப்பில் இருக்கிறதா? இன்று தேவைப்பட்டால் இன்றே கிடைக்குமா?” என்று கேளுங்கள். கட்டடம், தோட்டம், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியை பாராசிட்டமால், ட்ரமடால் போன்ற வலி மருந்துகள் வெகுநாள் தாங்கிப் பிடிக்காது. அதற்குக் கடும் வலிக்கான மார்ஃபின்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. மார்ஃபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. பெரும்பாலான மருந்துக் கடைகளில் கிடைக்காது. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் போன்ற சில மருந்துகளை இன்றியமையாத மருந்துகள் என்று தனியாகப் பிரித்தார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இவற்றை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். அந்த அங்கீகாரம் வேண்டுமென்றால் வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். ஆகவே “இருக்கிறது” என்ற ஒரு சொல்லில், மருந்தும் டாக்டரும் மருந்தை எண்ணி எழுதும் கணக்குப் புத்தகமும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

மழுப்பல் பதில்களையும் கவனியுங்கள். “தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்” என்றால் கையில் இல்லை என்று பொருள். “அதெல்லாம் கடைசி நேரத்துக்குத்தான், கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்” என்று சொன்னால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடலாம். வலிக்கேற்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் மார்ஃபின் மூச்சை நிறுத்துவதில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வலிதான் அளவைத் தீர்மானிக்கும். இன்னும் எத்தனை நாள் என்ற கணக்குக்கு அதில் இடமில்லை. “ஃபென்டனில் பேட்ச் ஒட்டிவிடுவோம்” என்பது இப்போது அதிகம் கேட்கிற பதில். தோலில் ஒட்டுகிற இந்தப் பேட்ச் நல்ல மருந்துதான், ஆனால் ஒட்டினால் வேலை செய்ய ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வலி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறவருக்கும், மார்ஃபின் வகை மருந்தையே இதுவரை எடுக்காதவருக்கும் அதில் தொடங்கக் கூடாது. காய்ச்சல் அடித்தாலோ மேலே வெந்நீர்ப் பை வைத்தாலோ மருந்து வேகமாக உள்ளே இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கிற விதமும் வேண்டும். “எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். “வலித்தால் கொடுப்போம்” என்ற பதிலில் கோளாறு இருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை 4 மணி நேரம்தான். அதனால் கடிகாரம் பார்த்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் 5 மி.கி.யில் தொடங்குவார்கள், தளர்ந்த முதியவர்களுக்கு 2.5 மி.கி. நள்ளிரவில் எழுப்பாமலிருக்கப் படுக்கும்போது இரட்டிப்பாகக் கொடுப்பதும் உண்டு. நடுவில் வலி முந்திக்கொண்டு வந்தால் அதற்கென்று ஒரு தனி வேளை, நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. நாளைக்கு ஆறு வேளை 10 மி.கி. வீதம் 60 மி.கி. போனால், இடையில் வரும் வலிக்கு 10 மி.கி. இந்தக் கணக்கைத் தடுமாறாமல் சொல்கிற நர்ஸ் இருக்கிற இடம் நல்ல இடம்.

அதோடு, மார்ஃபின் தொடங்குகிற அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மார்ஃபினால் வரும் மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது. பைசாகோடைல், சென்னா மாதிரி ஏதாவது ஒன்று சீட்டில் இல்லாமல் மார்ஃபின் மட்டும் எழுதிக்கொடுத்திருந்தால், எழுதியவருக்கு இதில் பழக்கமில்லை.

உங்கள் அம்மாவின் நோய்க்கென்று தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கருப்பைவாய்ப் புற்று பெரிதாகும்போது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வருகிற குழாய்களை நெரிக்கும். சிறுநீரகம் சுணங்கினால் மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தேங்கும். ஆள் எந்நேரமும் தூக்கத்தில் இருப்பார், கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். “கிரியாட்டினின் எவ்வளவு?” என்று, அதாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவை, அவர்களாகவே கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, அல்லது வேறு மருந்துக்கு மாற்றத் தெரிந்தவர்கள். இன்னொன்று, எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை, 8 கிரே அளவில் கதிர்வீச்சு கொடுத்தால் பலருக்கு நன்றாகக் குறையும். “இனி சிகிச்சை இல்லை” என்று சொன்ன மருத்துவமனையிலும் இதைக் கொடுக்க முடியும். நல்ல குழு அங்கே திருப்பி அனுப்பி வைக்கும். ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், கால்வீக்கம் இவற்றை அவர்களே பேச்சில் எடுத்தால் இன்னும் நல்லது. திடீரென்று ரத்தம் கொட்டினால் பார்க்கிறவர்கள் கலங்காமலிருக்கக் கட்டிலருகே அடர்நிறத் துண்டு வைத்திருக்கச் சொல்வார்கள். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போடுவார்கள். இவை அனுபவத்தில்தான் வரும்.

அடுத்தது இரவு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர்கள் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். “நாளை காலை வாங்க” என்று வாட்ச்மேன் சொன்னால் கணக்கு முடிந்தது. வாரம் ஒருமுறை வருவது குறைவு என்று நினைக்க வேண்டாம். வலி அடங்கிய நோயாளிக்கு அது போதும். போனில் ஒரு நர்ஸ் எந்நேரமும் கிடைப்பதும், அவர் சொல்லப்போகும் மருந்து முன்கூட்டியே உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதும்தான் முக்கியம். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், பதற்றம், தொண்டையில் சளி கரகரப்பது என்று ஐந்துக்கும் என்ன மருந்து, எத்தனை, எப்போது என்று தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் விழுங்க முடியாத நாளில் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். தோலுக்கு அடியில் சிறிய பட்டர்ஃப்ளை ஊசி வைத்து அதிலேயே மருந்து கொடுப்போம், வீட்டாருக்கும் சொல்லித் தருவோம் என்றால் தேர்ந்த குழு. “அப்போது அட்மிட் செய்துவிடுங்கள்” என்றால், கடைசி இரண்டு நாள் ஐ.சி.யூ. வாசலில் போகும்.

இல்லத்தை நேரில் போய்ப் பார்க்கும்போது வரவேற்பறையில் உட்காராதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய், ராத்திரிப் பணியில் எத்தனை பேர், எத்தனை நோயாளி என்று எண்ணுங்கள். பகலில் யாரும் ஆள் காட்டுவார்கள். வெள்ளை உடுப்பில் நிற்கிற எல்லோரும் நர்ஸ் அல்ல. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவுசெய்தவர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மூக்கு நிறையவே சொல்லும். பினாயில் நெடி கூடுதலாக இருந்தாலும் சந்தேகம்தான், எதையோ மூடுகிறார்கள். நோயாளிகளின் உதடும் நாக்கும் வெடித்துக் காய்ந்திருக்கின்றனவா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். படுத்தே இருப்பவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். திருப்பிய நேரம் எழுதும் தாள் கட்டிலில் தொங்கும். மாலை ஏழு மணிக்கே ராத்திரி இரண்டு மணி வரை டிக் போட்டிருந்தால் அந்தத் தாளுக்கு அர்த்தமில்லை. இங்கே வந்த பிறகு படுக்கைப்புண் வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். “ஒருவருக்குக்கூட வந்ததில்லை” என்பதை விட, “இருவருக்கு வந்தது, இன்ன காரணம், இப்படி ஆற்றினோம்” என்பது நம்பத்தக்க பதில்.

வலியை எழுதி வைக்கிறார்களா என்பதும் முக்கியம். வலி என்பது நோயாளி சொல்வது. 0 முதல் 10 வரை எண்ணாக வாங்கி, நாடித்துடிப்பு எழுதுவது போல எழுத வேண்டும். பெயர் நிரப்பாத வெற்றுக் கேஸ் ஷீட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருந்து வலிக்குக் கட்டம் இல்லையென்றால், பெயரில்தான் ஹாஸ்பிஸ். எல்லாக் கட்டிலிலும் டிரிப்ஸ் தொங்கினாலும் யோசியுங்கள். கடைசி நாள்களில் உடம்பு ஏற்காத நீரை ஏற்றினால் கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும். பார்க்கிற உறவினருக்கு மட்டுமே அதில் ஆறுதல். அதற்காக டிரிப்ஸே கூடாது என்று விதியாகச் சொல்கிற இடமும் சரியில்லை, ஒவ்வொருவருக்கும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சுவரில் மாட்டிய தரச் சான்றிதழ்கள் நிர்வாகம் ஒழுங்கு என்று சொல்லும், அவ்வளவுதான். கூகுள் நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். துக்கத்தில் எழுதுகிறவர்கள் ஒன்று ஐந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஒன்று கொடுப்பார்கள்.

முதல் சந்திப்பில் அவர்கள் பேசுவதை விட என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். “அம்மாவுக்கு நோய் பற்றி என்ன தெரியும்? அவர் என்ன கேட்கிறார்?” என்பது கட்டாயம் வர வேண்டும். நம் வீடுகளில் “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்பது முதல் வாக்கியமாக வரும். நல்ல குழு அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாது, அம்மாவிடம் போட்டு உடைக்கவும் செய்யாது. அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டோம், கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்வோம் என்று உங்களிடம் முன்பே சொல்லி வைக்கும். வென்டிலேட்டர் வேண்டாம், ஐ.சி.யூ. வேண்டாம் என்று அம்மா நினைத்தால் அதை எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் இதை ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். இதைப் பற்றி அந்த இடத்தில் யாருக்குமே தெரியாவிட்டால், அவர்கள் இந்தப் பேச்சையே யாரிடமும் பேசியதில்லை. பார்வையாளர் நேரம் ஒரு மணி நேரம் என்று போர்டு வைத்த இல்லத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

பணத்தில், மாதக் கட்டணத்துக்குள் எது வராது என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், புண் கட்டும் துணி, தனி உதவியாளர், ஆம்புலன்ஸ் என்று சேர்ந்தால் கட்டணத்துக்கு இணையாகவே வந்துவிடும். பாதி மாதத்தில் இறந்தாலோ வீட்டுக்குக் கூட்டிப் போனாலோ மீதி திரும்புமா என்பதையும் இப்போதே கேளுங்கள். அப்புறம் கேட்க வாய் வராது. இலவசம் என்பதால் தரம் குறைவு என்று எண்ணாதீர்கள், இந்தத் துறையில் அந்தக் கணக்கு பொருந்தாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாயை மாற்றவும் புண் கட்டவும் பக்கத்திலேயே ஆள் இருப்பது பெரிய உதவி.

பலரும் கேட்க மறக்கிற கேள்வி: “வீட்டில் இறந்தால் டாக்டர் வந்து சான்று கொடுப்பாரா?” மருத்துவமனைக்கு வெளியே நேரும் இறப்புக்குக் காரணச் சான்று, பார்த்துவந்த டாக்டர் தரும் படிவம் 4ஏ. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். நள்ளிரவில் உயிர் பிரிந்து, காலையில் தெரிந்த டாக்டர் எவரும் கையெழுத்துப் போட மறுத்து, மயானத்தில் நிற்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. குழு பொறுப்பேற்றால் இந்த அலைச்சலே இல்லை. மிச்சமிருக்கும் மார்ஃபினைத் திரும்ப வாங்கி எண்ணிக் கணக்கில் எழுதுகிறார்களா, துக்கம் விசாரிக்க ஒருமுறையாவது வருகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் இரண்டில் எது? தொண்டு நிறுவனத்திடம் மார்ஃபினும் ராத்திரிப் போனும் இருந்து, வீட்டில் அம்மாவைத் தூக்கித் திருப்ப உடம்பில் தெம்புள்ள இருவர் இருந்தால், வீடுதான். ஒருவரே என்றால் ஒரு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். இல்லத்தில் மார்ஃபின் இருந்தால், வலி கட்டுக்குள் வரும்வரை ஒரு வாரம் பத்து நாள் அங்கே வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வரலாம். பார்த்துக்கொள்கிறவர் களைத்தால் மறுபடி சில நாள் சேர்க்கலாம். இதற்கு இடம்கொடுப்பார்களா என்று கேளுங்கள், ஒரு மாத முன்பணம் கட்டினால்தான் என்றால் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

எங்கே சேர்த்தாலும் முதல் மூன்று நாளைச் சோதனையாக வையுங்கள். 48 மணி நேரத்தில் அம்மா ராத்திரி தொடர்ந்து தூங்க வேண்டும், அவர் சொல்கிற வலி எண் இறங்க வேண்டும். மூன்றாம் நாளுக்குள் மலம் போக வேண்டும். வலி எண் இறங்கவில்லையென்றால் அளவைக் கூட்டினார்களா என்று மருந்துத் தாளைப் பாருங்கள். அதே அளவு, அதே வலி, “நோய் அப்படி” என்ற பதில் மட்டும் வந்தால் நான்காம் நாள் அடுத்த இடத்துக்குப் பேசுங்கள். பழைய ஸ்கேன், பயாப்ஸி, கதிர்வீச்சு விவரத் தாள்களின் மூலப் பிரதியை எவரிடமும் கொடுத்துவிடாமல் நகல் மட்டும் கொடுங்கள்.