குதிநாண் காயமும் ஃப்ளாப்பும்: வாசகர் கேள்விகள்

தசைநாண் வெளியே தெரிகிறது. தொடைத்தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?

குதிநாண், அதாவது கெண்டைத்தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண், அதன் மேல் உள்ள மெல்லிய உறை பிழைத்திருந்தால் ஒட்டும். உறை போய் நாண் வெள்ளையாகத் தெரிந்தால் தோல் பிடிக்காது, ஃப்ளாப்தான் (தன் ரத்த ஓட்டத்தோடு கொண்டுவந்து வைக்கும் தோல், கொழுப்பு அல்லது தசைத் துண்டு) வேண்டும். அதுவரை நாணைக் காயவிடாதீர்கள். காய்ந்து மஞ்சளானதை வெட்டித்தான் எடுப்பார்கள்.

ஃப்ளாப் வைத்து 3 மாதம். தடிப்பால் ஷூ நுழையவில்லை. சிறிதாக்கலாமா?

பொறுங்கள். வீக்கம் முழுக்க வடிய 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். சர்ஜன் அனுமதித்தால் அழுத்தக் காலுறை போடுங்கள். தசை ஃப்ளாப் தானாகவே சுருங்கும். தொடைக் கொழுப்போடு எடுத்த ஃப்ளாப் என்றால், நீங்கள் எடை போட்டால் அதுவும் பெருக்கும்.

சுண்டுவிரல் பக்கம் மரத்திருக்கிறது. தவறுதலாக நரம்பை வெட்டிவிட்டார்களா?

கெண்டைக்காலிலிருந்து திருப்பிவிட்ட சூரல் ஃப்ளாப் என்றால், அந்த நரம்பு பெரும்பாலும் ஃப்ளாப்போடு போகும். தெரிந்தே செய்வதுதான். மரத்த இடம் நாளடைவில் ஓரளவு சுருங்கும்.

புண் ஆறிவிட்டது. பிசியோதெரபி இன்னும் எதற்கு? இரவில் வலித்தால் வெந்நீர்ப் பை வைக்கலாமா?

வைக்கவே கூடாது! ஃப்ளாப்பில் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அது ஆற வாரக்கணக்காகும். 'ஆறிவிட்டது' என்று சிகிச்சையை நிறுத்துவதுதான் நல்ல ஆபரேஷனையும் கெடுக்கிறது. தோல் மூடியது பாதி வேலை. அடியில் நாண் தழும்போடு ஒட்டிக்கொண்டால் கணுக்கால் விறைக்கும், படி இறங்கும்போது குதிகால் முன்னதாகவே தூக்கும். பாதத்தை மேலே மடக்கும் பயிற்சியைச் சர்ஜன் சொன்ன நாளில் தொடங்கி மாதக்கணக்கில் செய்யுங்கள். பிறகு சுவரைப் பிடித்து, அந்த ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். மறுகாலின் உயரம் வராவிட்டால் கெண்டைத்தசை இன்னும் தேறவில்லை. நாணையே வெட்டி எடுத்திருந்தால் கொஞ்சம் பலக்குறைவு நிரந்தரமாகவும் தங்கலாம். செருப்பின் பின்வார் ஃப்ளாப்பில் உரசக் கூடாது. தினமும் கண்ணாடி வைத்துக் குதிகாலின் பின்புறத்தைப் பாருங்கள். வருடங்கள் கழித்தும் புண் வருவது பெரும்பாலும் உரசும் இடத்தில்தான்.

ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட்தானே?

ஒன்றும் கூடாது. ரத்தக்குழாய் சுருங்கும், ஃப்ளாப்பின் நுனி கருகும்.

படம் அனுப்பியிருக்கிறேன். ஃப்ளாப் நிலைக்குமா?

சர்க்கரை உண்டா, புகைப்பீர்களா, ஆபரேஷன் என்றைக்கு, எதுவும் எழுதவில்லை. வெறும் படத்தை வைத்து என்ன சொல்ல? ஊதா நிறமாகி உப்பினால் ரத்தம் வெளியேறவில்லை, வெளுத்துக் குளிர்ந்தால் உள்ளே வரவில்லை. இரண்டுக்கும் அந்த மணியிலேயே சர்ஜனிடம் போக வேண்டும். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.