பதினொரு நோட்டு நிரம்பிவிட்டது, கதை மட்டும் வரவில்லை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 63. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மயிலாடுதுறையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் குடும்பத்தோடு பெங்களூரில். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது.

ஒரு சரித்திர நாவல் எழுத வேண்டும் என்பது என் ஆசை. ராஜா ராணி கதை இல்லை. நடக்கும் இடம் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த ஈய டப்பாக்களை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

அந்தப் பட்டறையில் எடுபிடியாக இருக்கும் ஒருவனின் மனைவிதான் என் கதாநாயகி. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஒருநாள் புருஷன் வேட்டி மடிப்பில் சிக்கி ஓர் ஈய எழுத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். யாரும் இல்லாத நேரத்தில் எடுத்து ஈர மாவில் அழுத்திப் பார்க்கிறாள். ஈயத்தில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த எழுத்து, மாவில் மறுபக்கம் பார்க்கிறது. எது சரி என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

நான்கு வருடத்தில் கதை என்று வந்தது இவ்வளவுதான். குறிப்புகள் மட்டும் பதினொரு நோட்டு. அவள் ரசம் வைக்கிறாள் என்று எழுத உட்கார்ந்தால், மிளகாயா மிளகா என்று சந்தேகம் வந்துவிடும். மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது, சரி. ஆனால் 1714இல் இந்தக் கரையில் ஓர் ஏழை வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டதா? இதற்கே இரண்டு மாதம் போய்விட்டது. அப்புறம் புடவைக் கட்டு, விளக்குக்கு என்ன எண்ணெய், படியளவு. ஒரு வரி எழுதினால் உள்ளே இருந்து ஒரு குரல், “இதற்கு ஆதாரம் எங்கே?” என்கிறது. அடித்துவிடுகிறேன்.

மகனிடம் சொன்னேன். “பென்ஷன் வருது, நிம்மதியா கோயில் குளம்னு போயிட்டு வாங்கம்மா. எதுக்கு இந்த டென்ஷன்?” என்றான். ஓர் இலக்கியக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர், “சமையல் குறிப்பு எழுதலாமே அம்மா, நல்லா போகும்” என்றார். சிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

கணவர் இருந்தபோது சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தரங்கம்பாடிக் கதை சொல்லுவேன். “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் நோட்டை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இந்த வயதில் புதிதாக எழுத்தாளர் ஆக நினைப்பது பேராசையா? வீண் வேலையா?

இப்படிக்கு,
மயிலாடுதுறை வாசகி

*

அன்புள்ள அம்மா,

வயதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பொன்னியின் செல்வன் தொடராக வரத் தொடங்கிய 1950இல் கல்கிக்கு வயது 51 என்று சொல்லி யாராவது உங்களைத் தேற்றலாம். அது உங்களுக்கு ஒட்டாது. அவர் இளவயதிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தவர். இத்தாலியில் லாம்பெதூசா என்ற பிரபு, வாழ்க்கையின் கடைசி இரண்டு மூன்று வருடங்களில்தான் தன் ஒரே நாவலை எழுதினார். நூறு வருடத்துக்கு முந்தைய சிசிலித் தீவின் கதை. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1957இல் அவர் இறந்தார், அடுத்த வருடம் நாவல் வெளிவந்து புகழ் பெற்றது. இதைச் சொல்லித் தேற்றவும் எனக்கு மனசு வரவில்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட். முதல் நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 60. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியை வைத்து அவர் எழுதிய சரித்திர நாவல் வந்தபோது 78. ஆனால் நான் அவரை எடுத்துக்கொண்டது வயதுக்காக இல்லை. அந்த முதல் நாவலை அவர் எழுதியது, நோயில் படுத்திருந்த கணவருக்குப் பொழுது போகட்டும் என்பதற்காக.

அவருக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தார். உங்களுக்கும் இருந்தார்.

உங்கள் கடிதத்தில் நான்கு வருடம் என்பது இரண்டு இடத்தில் வருகிறது. கணவர் போய் நான்கு வருடம். கதை நகராமல் நான்கு வருடம். நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். “அப்புறம்?” என்று கேட்ட குரல் நின்ற இடத்தில், “ஆதாரம் எங்கே?” என்கிற குரல் வந்து உட்கார்ந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். பஞ்சாயத்துக் கணக்குகளைப் புரட்டி, ரசீது இல்லாத செலவுக்கெல்லாம் தடை எழுதிய குரல் அது. உங்களுக்கு 33 வருடம் சோறு போட்ட திறமை. அதைத் திட்டாதீர்கள், நாவலுக்கு அது வேண்டும். ஆனால் தணிக்கை எப்போது நடக்கும்? வருடம் முடிந்து, கணக்கை எழுதி மூடிய பிறகு. நீங்களோ ஒரு ரூபாய்கூடச் செலவாகாத கணக்குக்கு உட்கார்ந்து தடை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

குறிப்பு எடுப்பதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். குறிப்பைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. 1706 என்பது உங்களுடையது இல்லை, சரித்திரத்தினுடையது. அரிசிப் பானைக்குள் ஒளித்த எழுத்து உங்களுடையது. அதைப் பார்த்துத்தான் ஒருவர் சமையல் குறிப்பு எழுதச் சொல்லக்கூடும். அந்த மனிதர் சொன்னது அநாகரிகம். ஆனால் அன்றைக்கு அவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு பக்கம்கூட இல்லை என்பதும் அந்த அழுகையில் கொஞ்சம் இருந்திருக்கும்.

ரசத்துக்கு மிளகு போடுங்கள். மிளகுக்கு எந்தத் தணிக்கையாளரும் தடை எழுத முடியாது. தெரியாத இடங்களில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். முழுதாக எழுதி முடித்தபின் வட்டங்களை எண்ணினால், பாதி வட்டங்கள் கதைக்குத் தேவையே இல்லாதவையாக இருக்கும். மீதிக்குத்தான் பதினொரு நோட்டும்.

ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் வாய் திறக்க வேண்டும். நீங்கள் சொல்லிப் பழகியவர், எழுதிப் பழகியவர் இல்லை. சாயங்காலம் அதே வாசலில் நாற்காலியைப் போட்டு, செல்போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, இருபது நிமிடம் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அதைக் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாமல். முதல் நாள் எதிர் நாற்காலி காலியாக இருப்பதுதான் தெரியும். கதை வராமல் அழுகை மட்டும் வந்தாலும் அன்றைய வேலை நடந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுகளுக்குப் பின்னால் நின்று நீங்கள் தள்ளிப்போட்டது அதையும்தான். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மட்டும் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கடிதத்தில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

கொஞ்ச நாள் கழித்துக் கேட்க நிஜமான ஆள் ஒருவர் வேண்டும். மகன் வேண்டாம், இப்போதைக்கு. அவர் உங்கள் கதையைக் கேட்டுச் சொன்ன பதில் இல்லை அது, உங்கள் தனிமையை நினைத்துப் பயந்து சொன்னது. பெங்களூரில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை அவருக்கு. பக்கத்து வீட்டில் கதை கேட்கிற வயதில் ஒரு பெண் இருந்தால் போதும். தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் ஒருநாள் கூட்டிப் போங்கள். கடல் அரித்தெடுத்த மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அரிசிப் பானைக் கதையைச் சொல்லுங்கள். “அப்புறம்?” என்று கேட்கிறாளா பாருங்கள். கேட்காவிட்டால் எந்த இடத்தில் கவனம் போனது என்று பாருங்கள், அதுவும் பாடம்தான்.

ஒன்று விட்டுப்போனது. சீகன்பால்குவின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள். ஹாலேயைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கதாநாயகியைக் கடிதம் முழுக்க “அவள்” என்றே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என்ன பெயர்? அதற்கு ஆதாரம் எங்கேயும் கிடைக்காது, நீங்கள்தான் வைக்க வேண்டும். வைத்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.