ஊர் சொல்லும் கிறுக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

காங்கேயம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கோவையில் பொறியியல் படித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த என் தம்பி, போன வருடம் அதை விட்டுவிட்டு வந்து எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், செம்மறி மேய்க்கிறான். விசேஷங்களுக்கு வருவதில்லை, கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். "கிறுக்குப் புடிச்சுருச்சு, எங்காச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்கிறார்கள் பங்காளிகள். அப்பாவும் ஒடிந்துபோயிருக்கிறார். அம்மா தவறிய இரண்டு வருடமாக அவருக்கு ராத்தூக்கம் இல்லை; ஐந்தாறு தடவை எழுந்து மோட்டார் ரூம் பூட்டையும் பட்டிப் படலையும் பார்த்து வருவார், தம்பிதான் டார்ச்சுடன் கூடப் போவான். எது பிறழ்வு என்று உளவியலில் எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. ஆனால் உங்கள் கேள்விக்கு விடை உண்டு.

நாலு பேர் செய்வதைச் செய்கிறானா என்பதே ஊரின் அளவுகோல். அரிதாக இருப்பது, வழக்கத்தை மீறுவது ஆகிய இரண்டும் உளவியலிலும் பேசப்படுகின்றன என்றாலும், தனித்து நிற்கையில் அவை எதையும் நிறுவுவதில்லை. அபாரமான நினைவாற்றலும் அரிதுதான், அதை யாரும் நோய் என்பதில்லை. வழக்க மீறலையே நோயென்று கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு, தப்பியோடிய கறுப்பின அடிமைகளின் விடுதலை வேட்கைக்கே 1851-இல் 'டிராபெடோமேனியா' என்று நோய்ப்பெயர் வைத்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் சாட்சி. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, சமூகத்தில் நிலவும் ஒழுக்கம், பண்பாடு, வேலை பற்றிய மதிப்பீடுகளுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என வெளிப்படையாகவே சொல்கிறது. வேலை என்ற சொல்லை உங்கள் பங்காளிகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மனநல மருத்துவரும் உளவியலாளரும் பார்ப்பது வேறு. ஒருவரின் நடத்தை அவரையே வருத்துகிறதா, உண்பதையும் உறங்குவதையும் வேலையையும் உறவையும் குலைக்கிறதா, யாருக்கேனும் ஆபத்து உண்டா, எத்தனை நாளாக இருக்கிறது, முன்பிருந்த மனிதர் மாறிவிட்டாரா என்று நேரில் பேசியும் வீட்டாரைக் கேட்டும் அறிகிறார்கள். தைராய்டு போன்ற உடற்காரணம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தம்பி நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, ஆட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டு, உங்களிடம் முன்போலப் பேசுகிறார் என்றால், கொறங்காட்டுக்கு வந்தது அவர் தேர்ந்துகொண்ட வாழ்க்கை. பிடித்தது எதிலும் நாட்டமற்றுப் போனாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, அப்போது தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

என்னை உறுத்துவது, அப்பாவின் இரவுகளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி. துக்கம் நோயல்ல, பூட்டை ஒருமுறை சரிபார்ப்பதும் நோயல்ல. பூட்டியாயிற்று என்று தெரிந்த பிறகும் மனம் ஒப்பாமல், இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்து, மறுபடி எழுந்து போவது, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்குமானால், அல்லது ஆளை வதைக்குமானால், ஓசிடி எனப்படும் எண்ணச்சுழற்சி நோயா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். களவு பயமாகவோ, வெறும் தூக்கமின்மையாகவோ, மனச்சோர்வாகவோகூட இருக்கலாம். காட்டைக் காவல் காக்கும் பொறுப்பான மனிதர் என்று ஊர் மெச்சுவதால் இரண்டு வருடமாக அவருடைய அவதி யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம் என்பதுதான் எனக்கு வருத்தம். இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன, நல்ல பலனும் தருகின்றன. "பூட்டியாச்சுங்கப்பா" என்று ஒவ்வொரு முறையும் உறுதி சொல்வது, ஓசிடியாக இருந்தால், அந்தச் சுழலை வளர்த்துவிடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்துக்கு, எத்தனை முறை எழுந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்து வைத்து, அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். தம்பியும் கூடப் போகட்டும். இரவில் டார்ச் பிடித்து நிற்பவர் அவர்தான். மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அவரிடம் விடை இருக்கும்.