ஜப்பான் கோப்பையும் கழனித் தண்ணீரும்

கேள்வி: மகன் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த ஹகி கோப்பையில் டீ ஊற்றினால் அடியில் கசிந்து மேசையில் வட்டம் விழுகிறது. உள்ளே மயிரிழை போலக் கீறல்கள் வேறு. உடைசலைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உடைசல் இல்லை. 1600-களின் தொடக்கத்தில் கொரியக் குயவர்கள் ஜப்பானின் யாமகுச்சி மாகாணத்தில் ஹகி என்னும் ஊர்ப் பக்கம் தொடங்கிவைத்த தொழில் இது. ஹகி மண் சூளையில் முழுக்க இறுகாது, நுண்துளையோடு நிற்கும். சூளை ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) அதிகம் சுருங்குவதால் இழை இழையாக விரிகிறது. அதற்குப் பெயர் 'கன்யூ'. அதில் டீ ஊறி வருஷக் கணக்கில் நிறம் மாறுவதை 'ஹகியின் ஏழு மாற்றம்' என்று ரசித்து வாங்குகிறார்கள்.

கசிவுக்கு மருந்து உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அரிசி களைந்த முதல் கழனித் தண்ணீரை எடுங்கள். பாத்திரத்தின் அடியில் துணி விரித்துக் கோப்பையை வைத்து, அது முழுகும்வரை தண்ணீரை ஆறியபடியே ஊற்றி, பிறகு சிறு தீ மூட்டுங்கள். கொதி வந்தபின் 20 நிமிடம். அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டுக் கழுவுங்கள். மாவுப்பசை துளைகளை அடைத்துவிடும். நிற்காவிட்டால் இன்னொரு தடவை. கொதிக்கிற தண்ணீரில் கோப்பையைப் போட்டால் நிஜமாகவே உடையும். ஐப்பசி மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் காயவிடாமல் அலமாரியில் அடைத்தால் பூஞ்சை வாடை பிடிக்கும். டீ ஊற்றுமுன் ஒரு நிமிடம் வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுப்பதும் நல்லது. டிகிரி காபி மட்டும் வேண்டாம்: பால் கொழுப்பு இழைகளில் ஏறினால் சிக்குவாடை போகாது. அதற்குத்தான் டபரா இருக்கிறதே.

கேள்வி: எங்கள் ஊர் ரைஸ் மில்லில் உமிச்சாம்பல் குவிந்து கிடக்கிறது. கிளேஸுக்கு ஆகுமா? உள்ளூர் மண்பாண்டத்தில் பூசலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சாம்பல் ஆகும், பாண்டம் ஆகாது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஜப்பானின் 'நுகா' என்னும் பால்வெள்ளை கிளேஸ் இந்தச் சரக்குதான். மில் சாம்பல் கரியோடு கருப்பாக இருக்கும். வெளுக்கும்வரை மறுபடி எரியுங்கள். விறகுச்சாம்பலை இரண்டு மூன்று நீரில் ஊறவைத்துத் தெளிவை இறுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் கையை அரித்துவிடும், கையுறை வேண்டும். எடைக்கு பெல்ஸ்பார் (கிளேஸை உருக வைக்கும் கனிமத் தூள்) 40, விறகுச்சாம்பல் 30, உமிச்சாம்பல் 30 என்று தொடங்கி, 80 கண் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் நீரோடு வடிகட்டுங்கள். தூளாகக் கையாளும்போது முகமூடி கட்டாயம். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். சூடு சுமார் 1,260 டிகிரி.

சொரசொரப்பாக வந்தால் சூடு போதவில்லை, அல்லது உமிச்சாம்பல் கூடுதல். வழிந்து ஓடினால் விறகுச்சாம்பல் கூடுதல். பூச்சு திரைந்து சுருண்டால், மிகத் தடியாகப் பூசியிருப்பீர்கள், அல்லது பாண்டத்தில் தூசியோ எண்ணெய்க் கையோ பட்டிருக்கும். அடியில் அரை சென்டிமீட்டர் பூசாமல் விடுங்கள். இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் வண்டல் மண் 1,000 டிகிரி பக்கம் சுடவே ஏற்றது. 1,260-இல் உப்பி, வளைந்து, உருகிவிடும். அந்தச் சூட்டைத் தாங்கும் ஸ்டோன்வேர் மண் வேண்டும். பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: ஹகி கோப்பையின் அடிவளையத்தில் ஒரு வெட்டு. கடைக்காரர் 'அப்படித்தான்' என்கிறார்.
– வாசகர், திருவையாறு

பதில்: அப்படித்தான். 'கிரிகோதாய்' என்று ஹகியில் வழக்கமாக வெட்டுவது, மண் ஈரமாக இருக்கும்போதே. விரலால் தடவுங்கள்: ஓரம் மழுங்கியிருந்தால் குயவர் வெட்டியது, கூராகக் கீறினால் வழியில் உடைந்தது.