நாய்க்குட்டித் தீனி: பையில் எந்த வரியைப் படிப்பது?

கேள்வி: மூன்று மாத ராஜபாளையம் குட்டி, எடை 8 கிலோ. கடையில் புரதம் 24 சதவீதம் என்று ஒரு பை, 32 என்று இன்னொன்று. கடைக்காரர் 32-ஐ எடுக்கச் சொல்கிறார். புரதம் கூடினால் கால் வளைந்துவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். குட்டியைக் கொடுத்தவர் கால்சியம் சிரப்பும் ஊற்றச் சொன்னார். யார் சொல்வதைக் கேட்பது?
*தேவகோட்டை வாசகர்*

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுத்ததில்லை என்றால், சிரப்பை இன்றே நிறுத்துங்கள். உங்கள் கேள்வியில் பயப்பட வேண்டியது அது ஒன்றுதான்.

வளர்ந்த நாயின் குடல், உடம்புக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு முழுதாக வந்திருக்காது. ஊற்ற ஊற்ற உள்ளே போகும். எலும்பு நீள்வதும் குருத்தெலும்பு இறுகுவதும் ஒழுங்கு தவறி, முன்கால் வெளிப்பக்கம் வளையும். பழி மட்டும் புரதத்தின் மேல் விழும். கிரேட் டேன் என்ற பெரிய இன நாய்க்குட்டிகளுக்கு 15, 23, 32 சதவீதம் என மூன்று அளவில் புரதம் கொடுத்து நெதர்லாந்தில் ஆய்வு செய்து 1991-ல் வெளியிட்டார்கள். புரதம் கூடியதால் எலும்பு கெடவில்லை. எலும்பைக் கெடுப்பவை மிகையான கால்சியமும், கொழுகொழுவென்று வளரட்டும் என்று அளவில்லாமல் கொட்டும் தீனியும்தான்.

வளரும் குட்டிக்கு ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தது 22.5 சதவீதப் புரதமும் 8.5 சதவீதக் கொழுப்பும் வேண்டும் என்பது அமெரிக்கத் தர அளவு. உங்கள் 24 சதவீதப் பையில் ஈரம் 10 என்றால் மிச்சம் 90. அதில் 24 என்பது ஏறக்குறைய 27 சதவீதம். தாராளம். 32-க்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, ‘பப்பி’, ‘குரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்ற சொல் பையில் இருக்கிறதா என்பதை. ‘அடல்ட்’ மட்டும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அடுத்து கால்சியம்: 1.2 சதவீதத்துக்குக் குறையாமல் 1.8-க்கு மிகாமல் இருப்பது நல்லது. பாஸ்பரஸை விடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது.

அளவு: 8 கிலோக் குட்டிக்கு இப்போது நாளுக்குச் சுமார் 1000 கலோரி. கிலோவுக்கு 3600 கலோரி உள்ள தீனியென்றால் 280 கிராம், மூன்று வேளையாக. மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை 90 கிராம் நிறுத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, நின்ற மட்டத்தில் ஆணியால் கீறிவிடுங்கள். பிறகு தினமும் தராசு தேட வேண்டாம். வாரம் ஒருமுறை விலாவைத் தடவுங்கள்: அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு, கிலோ எடைக்கு இவ்வளவு என்ற கணக்கு குறைந்துகொண்டே வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆத்தங்குடித் தரையும் பளிங்கும் குட்டிக்கு வழுக்கும். கால் விரிந்து விரிந்து சறுக்கினால் எந்தத் தீனியும் இடுப்பு மூட்டைக் காப்பாற்றாது. அது ஓடும் வழியில் சாக்கு விரித்து வையுங்கள்.

கேள்வி: தயிர்சாதமும் ஒரு முட்டையும் போதும் என்கிறார் எங்கள் ஆச்சி. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்புச் சோறும் உண்டு. பை வாங்கத்தான் வேண்டுமா?
*காரைக்குடி வாசகி*

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிராம் சோற்றில் புரதம் 8 கிராம், 100 மில்லி தயிரில் 3 அல்லது 4, முட்டையில் 6. மொத்தம் 18. மேலே சொன்ன 8 கிலோக் குட்டிக்கு நாளுக்கு 56 கிராம் வேண்டும். வயிறு நிறையும், தசை ஏறாது. வெறும் இறைச்சியைக் கூட்டினால் வேறு குறை வரும்: இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், திண்ணையிலிருந்து குதித்தாலே கால் ஒடியும். வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தால், கால்நடை மருத்துவரிடம் குட்டியின் எடையைச் சொல்லி அளவெழுதி வாங்கிச் சமையுங்கள். இல்லையென்றால் பைத் தீனியே பிரதானம். ஆச்சியின் முட்டை வேகவைத்து அதோடு சேரட்டும், நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள்.

குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த பிறகும் அந்தக் குணம் போகாது. வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்து உலர் திராட்சையும் சிறுநீரகத்துக்கு விஷம்.

கேள்வி: பௌச்சில் வரும் ஈரத் தீனியில் புரதம் 8 சதவீதம்தான். ஏமாற்றா?
*பள்ளத்தூர் வாசகர்*

பதில்: இல்லை. ஈரம் 80 என்றால் மிச்சம் 20. அதில் 8 என்பது 40 சதவீதம். ஆனால் ‘காம்ப்ளீட்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ‘காம்ப்ளிமென்டரி’ என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டுமே.

கேள்வி: சில்லறையாகக் கிலோக் கணக்கில் அள்ளிக் கொடுக்கும் தீனி மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?
*கோட்டையூர் வாசகர்*

பதில்: குட்டிக்கு வாங்காதீர்கள். திறந்த மூட்டையில் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கெடுக்கும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். முகர்ந்தால் பழைய எண்ணெய்ச் சட்டி வாடை வரும். எந்த மாதம் தயாரித்தது, ‘பப்பி’யா ‘அடல்ட்’டா என்று எதுவும் தெரியாது. நான்கு வாரத்தில் தீரும் அளவுக்குச் சிறிய பையாக வாங்கி, பையோடு சம்படத்தில் வைத்து மூடுங்கள். புதுத் தீனிக்கு மாறும்போது ஏழு நாளில் காற்பங்கு காற்பங்காகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கழிச்சல் வரும்.

மூடிய பையில் தயாரித்த மாதம், நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். எம்.ஆர்.பி. என்பது வரி சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்டால் கொடுக்காதீர்கள். பையில் வண்டோ பூஞ்சணமோ இருந்தால் கொட்டிவிடாமல் பையோடு படமெடுத்து, பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.