ரோபோக்களைக் கால்பந்து ஆடவிட்டு என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள்? வீண் செலவு இல்லையா?

ரோபோக்கள் தடுக்கி விழுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வடசென்னையில் கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிக்காரன், பந்து விஷயத்தில் பேசாமல் போக முடியவில்லை. ஆராய்ச்சியாளன் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1997 மே மாதம் டீப் ப்ளூ என்ற ஐபிஎம் கணினி, உலக சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்றது. அதே வருடம் ஆகஸ்டில் ஜப்பானின் நகோயாவில், ரோபோக்கள் கால்பந்து ஆடும் போட்டியான ரோபோகப் முதல்முறையாக நடந்தது. சதுரங்கத்தில் காய் எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை. கால்பந்தில் அதுவே பாதி வேலை.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. கல்லூரி மூன்றாம் வருடம் நான்கு பேர் சேர்ந்து, ரிச்சி தெருவில் கியர் மோட்டார் வாங்கி, ஆரஞ்சுப் பந்தை நிறம் பார்த்துத் துரத்தும் ரோபோ செய்தோம். மொட்டைமாடி அறையின் டியூப்லைட்டில் பிரமாதமாக ஓடியது. போட்டி நடந்த ஹாலிலோ ஜன்னல் வழியாக வெயில் பாதி மைதானத்தில் விழ, கேமராவுக்குப் பந்து வெளிறித் தெரிந்தது. ஒரு சாண் தூரத்தில் பந்து கிடக்க, ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பந்தின் நிறத்துக்காக ப்ரோகிராமில் வைத்திருந்த எண்களை மாற்றினேன், மேகம் வந்தது, மறுபடி போச்சு. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் தம்பி தெருவிளக்கு வெளிச்சத்தில், தோல் உரிந்து நிறமே போன பந்தை, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வருபவனுக்குத் தள்ளுகிறான். வாசலிலேயே நின்றுவிட்டேன். ரோபோகப்பில் எல்லா அணிகளும் ஒரே வகை ரோபோவை வைத்து ஆடும் லீக்கிலேயே 2016இல்தான் ஆரஞ்சுப் பந்தை விட்டுக் கருப்பு வெள்ளைப் பந்துக்கு வந்தார்கள் என்று பிறகு படித்தேன்.

பயன் கேட்டால், ரோபோகப்பில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அணியை நடத்திய ரஃபேல்லோ டி ஆண்ட்ரியா, கிடங்கில் அலமாரிகளைச் சுமந்து ஓடும் ரோபோக்களைச் செய்த கிவா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2012இல் அமேசான் அதை வாங்கியது. 2050க்குள் உலகக்கோப்பை வென்ற மனித அணியை ரோபோக்கள் ஜெயிக்க வேண்டும் என்ற ரோபோகப் இலக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் அதற்கு உத்தரவாதம் தரவில்லை.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை நேர்காணலில் எங்கள் கல்லூரி ரோபோவைப் பற்றிப் பேச அவ்வளவு தயாராகப் போனேன். எதிரே இருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, ஏரியாவில் ரவுடி தொல்லை எப்படி என்றார். ஃபுட்பால் ஆடுவேன் என்றதும், அப்போ படிப்பு என்றார். ஆட்டத்துக்கு மூளை வேண்டாம் என்று அவருக்கு யார் சொன்னது? இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, அடுத்த முறை அந்த வீடியோ வந்தால் விழுகிற ரோபோவை விட்டுவிட்டு, பந்து காலில் இல்லாத ரோபோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.